பூவைப் பார்க்க முதல் கணுவைப் பாருங்கள்

சபையோருக்கு வணக்கம். தறையில் பெயர் தெரியாத செடி ஒன்று பூத்தால், ஒன்றில் பிடுங்கி எறிகிறோம். இல்லையேல் பூவை மட்டும் கைத்தொலைபேசியில் படமெடுத்து ஆட்களிடம் கேட்கிறோம். பூ மட்டும் போதாது. கணு, இலையின் அடிப்புறம், தண்டு, பக்கத்தில் ஓர் அடிமட்டம் எல்லாம் படத்தில் இருக்க வேண்டும்.

மாரி பிறந்ததும் வேலியோரத்தில் வெள்ளைப்பூச் செடிகள் மூன்று முளைக்கும். கணுவில் இலைகள் எதிரெதிரே சோடியாக இருந்தால் கரிசலாங்கண்ணி அல்லது மூக்குத்திப்பூ. தண்டை நசுக்குங்கள், சாறு கறுத்தால் கரிசலாங்கண்ணி. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, இதழ் நுனியில் மூன்று பல் என்றால் மூக்குத்திப்பூ. இலைகள் மாறி மாறி, கரட் இலைபோலக் கீறுபட்டு, தண்டில் நெடுக்கு வரியும் மயிரும் தெரிந்தால் பார்த்தீனியம் என்ற கெட்ட களை. அதன் பூத்தலை 4 மில்லிமீற்றர் அளவுதான். வில்லையில் பாருங்கள்: விளிம்பில் ஐந்தே ஐந்து குட்டி இதழ்கள்.

சுதேசியா வந்தேறியா என்பது வேறு கேள்வி. தமிழ்ப் பெயர் இருப்பது சாட்சியாகாது. பிரமதண்டு மெக்சிக்கோச் செடி. படர்வதும் குற்றமல்ல, மணற்காட்டு மணலைப் பிடித்து நிற்கும் அடம்பன் எங்கள் மண்ணுக்குரியதே. ஹென்றி டிரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலைப் புரட்டுங்கள். இன்று தெருவெல்லாம் நிற்கும் செடி அதில் இல்லையென்றால் பிந்தி வந்ததென்று சந்தேகிக்கலாம். பார்த்தீனியம் அப்படித்தான், இலங்கையில் 1999இல் வவுனியாவில்தான் முதலில் இனங்காணப்பட்டது.

அது முளைத்து 4 முதல் 6 கிழமைக்குள் பூக்கும். ஒரு செடி 15,000 விதைக்கு மேலும் கொட்டும். ஆகவே இலைகள் தரையோடு வட்டமாக விரிந்திருக்கும் பருவத்திலேயே, மண் ஈரமாக இருக்கையில், வேரோடு இழுக்க வேண்டும். வெட்டிவிட்டால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். கையுறையும் நீளக்கை உடுப்பும் கட்டாயம். தோல் தடித்துச் சொறியும், சிலருக்கு மூச்சும் இழுக்கும். பூத்ததென்றால் செடியின் தலையைப் பையால் மூடிக் கட்டிய பிறகே பிடுங்குங்கள். பசளைக் குழியில் போட்டால் விதை எருவோடு தறைக்குத் திரும்பும்.

உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். செடி கருகும், உண்மைதான். ஆனால் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிற ஊர் இது. தெளித்த உப்பு மழையோடு கிணற்றுக்குப் போகும்.

பிடுங்கிய இடத்தை மூன்று கிழமைக்கொருமுறை போய்ப் பாருங்கள். மண்ணுக்குள் கிடக்கும் விதை ஒரு மழையோடு முடிவதில்லை.