விரதமும் மாத்திரையும்

குருக்கள் ஐயாமாரே, பாஸ்டர் அவர்களே, கோயில் கமிட்டி அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

ஆணை ஆண் விரும்புவது பாவமா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அர்த்தநாரீசுவரர் படத்தைக் காட்டி உங்களை மடக்கும் எண்ணமும் இல்லை. அந்தப் படம் மாட்டிய கோயிலிலேயே திருநங்கை வந்தால் பந்தியில் இடம் தள்ளி உட்காருகிறோம். நான் பேச வந்தது எச்ஐவி மாத்திரையைப் பற்றி.

பெரிய மனிதரின் வாய்ச்சொல் என்ன செய்யும் என்று நம்ம தென்னாப்பிரிக்கா பார்த்திருக்கிறது. 2000 ஜூலையில் நம்ம டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தபோது, எய்ட்ஸுக்கு எச்ஐவிதான் காரணமா என்றே அதிபர் தாபோ உம்பெக்கி சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனைகளில் எச்ஐவிக்கான கூட்டுமருந்து பரவலாகத் தரத் தொடங்கியது 2004இல்தான். அந்தத் தாமதத்தால் 3,30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டார்கள்.

டர்பனில் நம்ம ஆட்கள் வாழும் இந்த சாட்ஸ்வொர்த்தில் அதிபரைவிட குருக்கள்தான் பக்கத்தில் இருப்பவர். உடம்பு இளைத்தால் கிளினிக்குக்கு முன்னால் கோயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. "யாரோ செய்துவிட்டார்கள்" என்று கயிறு கட்டி அனுப்பினால் ஆறு மாதம் வீணாகிவிடும். "ஜெபித்தாயிற்று, இனி மருந்து எதற்கு?" என்று பாஸ்டர் சொன்னாலும் அதே கதைதான். கயிறு கட்டுங்கள், ஜெபியுங்கள். கூடவே "ரத்தம் பார்த்தாயா?" என்றும் கேளுங்கள்.

ஆணை விரும்பும் பையன்களுக்கும் திருநங்கைகளுக்கும் கிளினிக் வரிசையே பெரிய பயம். முன்னால் அத்தை நிற்பார், பின்னால் பக்கத்து வீட்டுக்காரர். அதற்காகவே பெரிய நகரங்களில் தனி கிளினிக்குகள் நடந்தன. 2025இல் அமெரிக்கப் பணம் நின்றதும் பல மூடிக்கொண்டன. ஆகவே உங்களை நம்பி ஒருவன் சொன்னது கமிட்டிக்குப் போகக் கூடாது. அவன் அம்மா காதுக்கும் போகக் கூடாது.

உங்களிடம் வீரம் எதிர்பார்க்கவில்லை. ஓரினச்சேர்க்கையாளரை வெறுக்கும் சொர்க்கத்துக்குப் போகமாட்டேன் என்று பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2013இல் சொன்னார். அது அவரால் முடிந்தது. தன்னை ஓரினச்சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன இமாம் முஹ்சின் ஹெண்ட்ரிக்ஸை 2025 பிப்ரவரியில் கெபேஹா நகரில் (பழைய போர்ட் எலிசபெத்) சுட்டுக் கொன்றார்கள். நான் கேட்பது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே மாத்திரை, அதற்குள் மூன்று மருந்து. வெறும் வயிற்றிலும் போடலாம். தவறாமல் போட்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் இறங்கி அப்படியே இருந்தால், உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பி வரும். காவடிக்கு விரதம் இருக்கிற பையன், மாத்திரை போட்டால் சுத்தம் கெட்டுவிடுமோ என்று நினைத்தால், அதைத் தீர்த்து வைக்க நர்ஸால் முடியாது. அந்த வார்த்தை உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

அப்புறம் அலகு. ஆளுக்கு ஒரு புது ஊசி, எல்லோருக்கும். ஒருவனை மட்டும் பார்த்து "உனக்கு அது இருக்கிறதா?" என்று கேட்டால், அடுத்த வருஷம் அவன் வரமாட்டான்.

கொடி ஏறும் நாளில் மைக்கில் இதைச் சொல்லுங்கள்: "தினமும் மாத்திரை போடுகிறவர்கள் விரதத்துக்காக நிறுத்த வேண்டாம், முருகன் கோபிக்கமாட்டார். சர்க்கரை நோய்க்காரர்கள் மட்டும் விரதத்துக்கு முன்னால் அளவை நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்." எச்ஐவி என்ற பேச்சே வேண்டாம். பிரஷர்காரரும் கேட்பார், அந்தப் பையனும் கேட்பான்.