மதுரையை வைத்து மூன்று அணிகள்: உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம்

[காட்சி: மேலிருந்து மதுரை. கோயிலும் சுற்று வீதிகளும்.]

வணக்கம். படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக வீதிகள். பார்த்ததும் என்ன நினைவுக்கு வருகிறது?

பழைய மதுரையைப் பார்த்த ஒரு புலவருக்குத் தாமரை நினைவுக்கு வந்தது. ஊர் தாமரைப் பூப் போன்றது, தெருக்கள் இதழ்கள் போன்றவை, கோயில் நடுவிலுள்ள பொகுட்டு, அதாவது விதை இருக்கும் பகுதி, போன்றது என்று பரிபாடல் திரட்டில் பாடியிருக்கிறார். அங்கே கோயில் என்பது பாண்டியன் அரண்மனை. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. தேர்வில் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் எனக்கு மிகவும் பிடித்த சொல் என்பதால் சொல்கிறேன்.

இதுதான் உவமை அணி. சொல்ல வந்த பொருளான மதுரை, உவமேயம். ஒப்பிடக் கொண்டுவந்த தாமரை, உவமை. ஒப்புமையைக் காட்டும் 'போன்ற' என்னும் சொல், உவம உருபு. போல, புரைய, ஒப்ப, அன்ன என்று நன்னூல் 12 உருபுகளைச் சொல்கிறது.

[திரையில்: தாமரை முகம் / முகத்தாமரை]

சரி, இரண்டும் ஒன்றா? இல்லை. 'தாமரை முகம்' என்றால் தாமரை போன்ற முகம். உருபு மறைந்திருக்கிறது, அவ்வளவுதான், இது உவமைத்தொகை. 'முகத்தாமரை' என்றால் முகமே தாமரை. இது உருவகம். சந்தேகம் வந்தால் எந்தச் சொல் முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். உவமை முன்னால் வந்தால் உவமைத்தொகை, பின்னால் வந்தால் உருவகம்.

[காட்சி: காற்றில் அசையும் கொடி]

அப்புறம், பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் தற்குறிப்பேற்ற அணி. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வருகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. கொடி அசைவது இயல்பு. ஆனால் இந்த ஊரில் கோவலன் கொலைப்படப் போகிறான் என்று இளங்கோவடிகளுக்குத் தெரியுமே! அதனால் அந்தக் கொடிகள் 'வராதீர்கள்' என்று கைகாட்டி மறிப்பது போல இருந்ததாக எழுதுகிறார். தானாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார்.

அந்த வரியிலும் 'போல்' வருகிறது. அதைப் பார்த்ததும் உவமை என்று எழுதிவிடாதீர்கள். இங்கே ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிடவில்லை. கொடி அசைவதற்குக் கவிஞரே ஒரு காரணம் கற்பிக்கிறார். உருபைத் தேடுவதற்கு முன், கவிஞர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள்.

[காட்சி: வைகை ஆறு]

இப்போது உங்கள் முறை. அதே சிலப்பதிகாரத்தில் அவர்கள் வைகையைக் கடக்கிறார்கள். ஆறு முழுக்கப் பூ மிதக்கிறது. வரப்போகும் துயரம் வைகை என்னும் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டதாம். கண்ணில் நிறைந்த நீரைப் பூவாடை போர்த்து மறைத்துக்கொண்டாளாம். இதில் இயல்பாக நடந்தது எது, கவிஞர் ஏற்றிச் சொன்னது எது? வீடியோவை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதுங்கள். 'வைகை என்னும் பெண்' என்பதில் இன்னொரு அணியும் இருக்கிறது, அதையும் சேர்த்து.