பிப்ரவரி வந்தால் சியாட்டில் ரசிகருக்கு என்ன ஆகிறது?

[திரையில்: காலை வெயில், காலி மைதானம், கையுறைக்குள் பந்து விழும் சத்தம்]

பிப்ரவரி நடுவில், அரிசோனா மாநிலத்துப் பியோரியா ஊரில் சியாட்டில் மேரினர்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சிக்கு வந்து சேர்வார்கள். ஆட்டம் எதுவும் கிடையாது. பந்தை வீசுவார்கள், பிடிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ரசிகருக்கு அன்றைக்கே பண்டிகை. "இந்த வருஷம் நம்ம வருஷம்" என்பார். சிரிக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அணியின் ஜாதகம். 1977-இல் ஆடத் தொடங்கிய அணி இது. மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளில், 2025 சீசன் முடியும்வரை வேர்ல்டு சீரிஸ் (அக்டோபர் கடைசியில் நடக்கும் இறுதிப் போட்டி) பக்கமே போகாத அணி இது ஒன்றுதான். 2001-இல் 116 ஆட்டங்களை வென்று லீக்கின் பழைய சாதனையைச் சமன் செய்தார்கள். அப்படியும் வேர்ல்டு சீரிஸுக்கு முந்தைய சுற்றில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றார்கள். அப்புறம் 2002 முதல் 2021 வரை பிளேஆஃபே கிடையாது.

[திரையில்: 162 கட்டங்கள் கொண்ட காலண்டர்]

இவ்வளவு அடி வாங்கியவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? பாதி கணக்கிலிருந்து. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஆறு மாதம், அநேகமாகத் தினமும் ஒன்று. அந்த 2001 அணிகூட 46 முறை தோற்றது. 2025-இல் பிரிவில் முதலிடம் பிடிக்க 90 வெற்றி போதுமாக இருந்தது; 72 தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே பிப்ரவரியில் ரசிகர் மனக்கணக்குப் போடுவார். காயம் ஆறி வருபவர் இரண்டு வெற்றி கொடுப்பார், புதுப் பையன் மூன்று கொடுப்பான்... 95 வந்துவிடும்! கூட்ட மட்டும்தான் செய்வார். புதிதாக யாருக்குத் தோள்பட்டை போகும் என்று கழிக்கவே மாட்டார்.

மீதிப் பாதி, 2025-இன் ஞாபகம்.

கேட்சர் என்பவர் பந்தடிப்பவருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஆட்டம் முழுக்கப் பந்தைப் பிடிப்பவர். முட்டி தேய்கிற வேலை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே சியாட்டிலின் கேல் ராலி அந்த சீசனில் 60 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) அடித்தார். வேறு எந்தக் கேட்சரும் ஒரே சீசனில் அத்தனை அடித்ததில்லை.

[திரையில்: டொராண்டோ, ஏழாவது இன்னிங்ஸ், 3–1]

அக்டோபரில், வேர்ல்டு சீரிஸுக்கு முந்தைய சுற்றில், டொராண்டோவுடன் ஏழாவது, கடைசி ஆட்டம். சியாட்டில் முன்னிலை. இன்னும் எட்டு அவுட் எடுத்தால் வேர்ல்டு சீரிஸ். அப்போது டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஒரே அடியில் மூன்று ரன் தரும் ஹோம் ரன் ஒன்றை அடித்தார். 4–3. பந்தியில் உட்காரவைத்து, இலையும் போட்டு, எழுப்பிவிட்ட கதை.

வெளியாள் இதைத் தோல்வி என்பார். ரசிகரோ, "எட்டே எட்டு அவுட்" என்று விரல் விட்டுக் காட்டுவார்.

மார்ச் மாதப் பயிற்சி ஆட்டத்தில் அடிக்கிற ஹோம் ரன் சீசன் கணக்கில் ஏறாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். ஒரு புதுப் பையன் அப்படி ஒன்று அடித்ததைப் பார்த்துவிட்டுத்தான், அக்டோபர் கடைசி வாரத்துக்கு ஆபீஸில் லீவு கேட்டிருக்கிறார்.