குறை எழுத்தில் இல்லை, பார்வையில்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பெண் எழுத்தாளரின் சொந்த அனுபவக் கட்டுரையை ஒருவர் கொண்டாடுகிறார், இன்னொருவர் திட்டுகிறார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எழுத்தா, வாசகரின் பார்வையா என்பது தலைப்பு. பார்வையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "தன்னைப் பற்றி எழுதினால் தன்னைப் பற்றித்தான் நாலு பேர் பேசுவார்கள், அது எழுத்தின் விளைவு" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, அந்த விதி எல்லாருக்கும் உண்டா?

இந்தக் கட்டுரை வடிவத்துக்கே தந்தை என்று சொல்லப்படுபவர் பிரான்சு நாட்டு மாந்தேன். 1580இல் வெளிவந்த தன் நூலின் முன்னுரையிலேயே, இந்த நூலின் பொருள் நான்தான் என்று எழுதிவிட்டார். தன் சிறுநீரகக் கல் வலி வரைக்கும் எழுதினார். அதைத் தத்துவம் என்கிறோம். 'இவர் மனைவி இதைப் படித்துவிட்டு என்ன சொன்னாரோ' என்று யாராவது கவலைப்பட்டோமா? நடுவர் சிரிக்கிறார், அவர் வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கும்போல.

தூரம் போக வேண்டாம். அப்பா மரணப் படுக்கையில் கிடந்த இரவில், கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து மனைவியின் அறைக்குப் போனதையும், சற்று நேரத்தில் அப்பா இறந்துபோனதையும் காந்தி தன் வரலாற்றில் மறைக்காமல் எழுதினார். படித்த நாம் 'என்ன நேர்மை!' என்றோம். எழுத்தாளர் கமலா தாஸ் 1973இல் மலையாளத்தில் 'என் கதை' என்ற தன் வரலாற்றை வெளியிட்டார். தன் மணவாழ்வையும் ஆசைகளையும் மறைக்காமல் எழுதினார். அவருக்குக் கிடைத்த பேச்சு என்ன? 'குடும்பப் பெண் இப்படி எழுதலாமா?' அங்கே நேர்மை, இங்கே வெட்கக்கேடு. தராசு யார் கையில் இருந்தது?

இப்போது ஒரு கட்டுரையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'அம்மா இறந்த அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்' என்று ஒரு பெண் எழுதுகிறார். ஒரு வாசகர், 'பெற்ற மகளா இவள்?' என்கிறார். இன்னொருவர், 'புருஷன் எப்படி இதை வெளியிட விட்டார்?' என்கிறார். மூன்றாமவர் அக்கறையோடு மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். இலவச ஆலோசனை! நான்காவதாக ஓர் அம்மா, 'எனக்கும் அப்படித்தான் இருந்தது, வெளியே சொன்னதில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

அந்த வரிக்கு இரண்டு பத்தி முன்னால் என்ன இருக்கிறது? படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, அதற்காக அலாரம் வைத்தது, பிறகு அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டது, எல்லாம் இருக்கிறது. அந்தப் பத்தியைத் தன் உடம்பால் படித்தவர் நான்காமவர். மற்ற மூவரும், எழுதியவர் ஒரு மகள் என்று பார்த்த உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நால்வர் கையிலும் இருந்தது அதே கட்டுரை ஐயா, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை!

மோசமான கட்டுரையே இல்லையா என்று எதிரணி கேட்கும். தாராளமாக இருக்கிறது. சுயபச்சாதாபம் வழியும் பக்கங்களை நானும் பாதியில் மூடியிருக்கிறேன். அப்படியானால் 'நடை தொங்குகிறது, சொன்னதையே சொல்கிறார்' என்று திட்டுங்கள், வரவேற்கிறேன். நடத்தைச் சான்றிதழ் ஏன் கேட்கிறீர்கள்?

புகழ்கிறவர்களையும் நான் விடப்போவதில்லை. 'என்ன துணிச்சல்!' என்று பாராட்டுகிறார்களே, அவர்களும் எழுத்தைத் தாண்டி எழுதியவரைத்தான் பார்க்கிறார்கள். ஒரு வாக்கியம் எப்படி அமைந்திருக்கிறது என்று அவர்களிலும் பேசுகிறவர்கள் குறைவு.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்த 'நன்றாகத் தூங்கினேன்' கட்டுரையை ஒரு மகன் எழுதியிருந்தால் முதல் மூன்று வாசகர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்களா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தன் உரையைத் தொடங்கட்டும்.