60 ஓட்டும் பக்கவாசலும்

அவையோருக்கு வணக்கம். அமெரிக்க செனட்டில் 100 பேர். 51 பேர் ஒரு பக்கம் இருந்தால் மசோதா நிறைவேறிவிடும் என்றுதானே நினைப்போம்? நிறைவேறாது. விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். 1975-ல் வந்த கணக்கு இது. இப்போதெல்லாம் ஃபிலிபஸ்டர் செய்ய, அதாவது பேசியே ஓட்டெடுப்பைத் தடுக்க, யாரும் விடிய விடிய நின்று பேசுவதில்லை. 41 பேர் சம்மதிக்காவிட்டால் மசோதா அங்கேயே படுத்துவிடும்.

இதற்கொரு பக்கவாசல் உண்டு. பெயர் ரிகன்சிலியேஷன், 1974 பட்ஜெட் சட்டம் திறந்துவிட்டது. முதலில் இரு அவைகளும் பட்ஜெட் தீர்மானம் போட்டு, எந்தக் கமிட்டி எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்ல வேண்டும். அதன்படி வரும் மசோதாவுக்கு 20 மணி நேர விவாதம்தான். அப்புறம் சாதாரணப் பெரும்பான்மை போதும். 50-50 என்று நின்றால் துணை அதிபர் ஓட்டுப் போடுவார்.

ஆனால் அந்த வாசலில் காவல் கடுமை. மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட் 1985-ல் கொண்டுவந்த விதி அது. வரவு செலவு மாறுவது வெறும் பக்கவிளைவுதான் என்றால் அந்தப் பிரிவு கூடாது; பட்ஜெட் காலத்துக்குப் பிறகும், அதாவது வழக்கமாகப் பத்து ஆண்டு தாண்டியும், பற்றாக்குறையைக் கூட்டினால் கூடாது; சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தைத் தொடவே கூடாது. உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்து, அவைத் தலைமை அதை ஏற்றால் அந்தப் பிரிவு வெளியே. திரும்ப உள்ளே வைக்க மறுபடியும் அதே 60.

2021-ல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி விழுந்தது இங்கேதான். 2022-ல் இன்சுலின் விஷயத்தைப் பாருங்கள். மாதம் 35 டாலருக்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது என்ற வரம்பு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு நின்றது; அது அரசுப் பணம். தனியார் இன்சூரன்ஸுக்கு நிற்கவில்லை. அதைக் காப்பாற்ற டெமாக்ரட்டுகளோடு ரிபப்ளிகன்கள் ஏழு பேர் சேர்ந்தும் 57 ஓட்டுதான் விழுந்தது. மூன்று ஓட்டுக் குறைவு! 2017 வரிச் சட்டத்தில் சுருக்கப் பெயரையே வெட்டினார்கள். பெயரால் கஜானாவுக்கு என்ன வரவு?

அதே சட்டத்தில் கம்பெனி வரியை 35-லிருந்து 21 சதவீதமாக்கியது நிரந்தரம். தனிநபர் சலுகைகளில் பெரும்பாலானவை 2025 கடைசியோடு சரி. கொள்கையை யோசித்து வைத்த தேதி அல்ல அது. பத்தாண்டுக் கணக்கை நேராக்க வைத்தது. 2025-ல் நீட்டிக்க வேண்டி வந்தபோது, 'ஏற்கெனவே இருக்கும் சலுகை, புதுச் செலவில்லை' என்று ரிபப்ளிகன்கள் கணக்கையே மாற்றி எழுதினார்கள். துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் ஓட்டோடு 51-50 என்று நிறைவேறியது. என் பார்வையில் இதுதான் பெரிய உடைப்பு: அடுத்து பெரும்பான்மை பெறும் டெமாக்ரட்டுகளும் இதே கணக்கைக் காட்டலாம்.