நரம்பை அடக்கினால் தோல் அடங்குமா?

வணக்கம் மக்களே. சொரியாசிஸ் என்ற செதில் படை நோய் விஷயத்தில் தோல் டாக்டர்கள் பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு விசித்திரம் இருக்கிறது. அடிபட்டோ அறுவை சிகிச்சையிலோ ஓர் இடத்தின் உணர்ச்சி நரம்பு அறுந்துபோனால், அங்கே மட்டும் செதில் படை மறைந்திருக்கிறது. உணர்ச்சி திரும்பியதும் சிலருக்குப் படையும் திரும்பியிருக்கிறது!

அப்படியானால் நரம்பு தோலுக்கு எதையோ அனுப்புகிறது. அந்த எதையோவில் முக்கியமானது சப்ஸ்டன்ஸ் பி. 1931-இல் ஆய்லர், காடம் என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது, 11 அமினோ அமிலம் கோத்த நியூரோபெப்டைட், அதாவது நரம்பு சேதி சொல்லப் பயன்படுத்தும் சின்னப் புரதத் துண்டு. நரம்பு நுனியில் கசிந்து, மேல்தோலின் கெரட்டினோசைட் செல்களில் உள்ள என்கே1 ஏற்பியில் (சேதியை வாங்கிக்கொள்ளும் இடம்) போய் ஒட்டும். ஒட்டினால் செல்லுக்குள் கால்சியம் ஏறும், அழற்சிப் பொருட்கள் வெளியே வரும். ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்கள் வேகமாகப் பெருகுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

சரி, இந்த ஏற்பியை அடைக்கும் மருந்தான என்கே1 தடுப்பான் என்ன செய்யும்? சப்ஸ்டன்ஸ் பி உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் செல்லுக்கு ஒரு சேதியும் சொல்லாது. கூடுதலாக வந்த வேகம் அடங்கிவிடும். கவனியுங்கள், கூடுதல் வேகம் மட்டும்தான். தோலின் அன்றாட வளர்ச்சியை ஓட்டுவதற்கு ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி மாதிரி வேறு காரணிகள் இருக்கின்றன. தடுப்பான் போட்டால் தோல் வளர்வதே நின்றுவிடும் என்று பரப்புவதெல்லாம் சும்மா.

தட்டில் நடப்பது உடம்பில் அப்படியே நடக்கும் என்றும் நம்ப வேண்டாம். தீராத அரிப்போடு முடிச்சு முடிச்சாகத் தோல் தடிக்கும் ப்ரூரிகோ நோடுலாரிஸ் நோய்க்கு செர்லோபிடன்ட் என்ற என்கே1 தடுப்பானை வைத்து எவ்வளவோ எதிர்பார்த்தார்கள். 2020-இல் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. அதே நோய்க்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது டூபிலுமேப் என்ற மருந்து. அது மறிப்பது நரம்பின் சேதியை அல்ல, நோயெதிர்ப்பு செல்களின் சேதியை. என் கணக்கில், நரம்பு தீயைக் கிளறிவிடுகிறது. விறகு வேறு இடத்திலிருந்து வருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. சர்க்கரை நோயுள்ள எலிகளின் புண்ணில் சப்ஸ்டன்ஸ் பி தடவினால் சீக்கிரம் ஆறுகிறது. ஆறாத புண் இருப்பவருக்கு இந்தப் பாதையை அடைப்பது நல்லதா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

அப்புறம், கீமோ வாந்திக்குக் கொடுக்கும் அப்ரெபிடன்ட்டும் இதே என்கே1 தடுப்பான்தான். அரிப்புக்கு என்று நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் அளவை மாற்றும்.