புதுப் படகா? பேரம் பேசுமுன் பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

[காட்சி: செல்போன் டார்ச் வெளிச்சத்தில் ஒரு படகின் பின்பக்கம். பொடி எழுத்தில் ஒரு வரிசை.]

இந்த வரிசையில் கடைசி நான்கை மட்டும் பாருங்கள். எச், 3, 2, 4. இதைப் படிக்கத் தெரிந்ததால் என் நண்பர் ஒருவர் 6,300 டாலர் குறைத்துப் படகு வாங்கினார். குரலை உயர்த்தவில்லை, கோபித்துக்கொண்டு எழுந்து போகிற நாடகமும் ஆடவில்லை. எப்படி என்று சொல்கிறேன், கடைசி வரை இருங்கள், மாதத் தவணையில் நடக்கிற விளையாட்டு அங்கேதான் வருகிறது.

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா பக்கம் இருக்கிற நம் ஆட்கள் ரொம்ப நாளாகக் கேட்ட தலைப்பு இது: அமெரிக்காவில் டீலரிடம் புதுப் படகு வாங்கும்போது நியாயமான விலைக்கு எப்படிப் பேசுவது?

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். புதுக் கார் கண்ணாடியில் ஒரு விலைத்தாள் ஒட்டியிருக்கும் இல்லையா, அதை ஒட்டச் சொல்வது 1958-ல் வந்த சட்டம், ஓக்லஹோமா செனட்டர் மன்ரோனி கொண்டுவந்தது. கம்பெனி விலை, கூடுதல் வசதிகளின் விலை, கொண்டுவந்து சேர்த்த செலவு எல்லாம் அந்தத் தாளில் இருந்தாக வேண்டும். படகுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதனால் ஒரே படகுக்கு இரண்டு டீலரிடம் போனால் இரண்டு விதமாக விலை எழுதித் தருவார்கள், ஒருவர் மோட்டாரையும், படகை ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லரையும் சேர்த்திருப்பார், இன்னொருவர் படகின் உடம்புக்கு மட்டும் விலை போட்டிருப்பார், நாம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குழம்பிக்கொண்டிருப்போம்.

சரி, விலை மறைந்திருக்கிறது. ஆனால் வயசு மறைந்திருக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

[காட்சி: பன்னிரண்டு கட்டங்கள், கடைசி நான்கு மட்டும் மஞ்சளில்.]

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானமாக வரவில்லை, ஐம்பது அறுபதாயிரம் டாலர் கொடுக்கிறோம், பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். சந்தையில் தாத்தா மாட்டின் உதட்டைத் தூக்கி, இரண்டு பல்லா, நாலு பல்லா, கடைசேர்ந்ததா என்று ஒரு நொடியில் வயசு சொல்வார் இல்லையா, அதே மாதிரி படகுக்கும் பல் இருக்கிறது. அதன் பெயர் ஹல் ஐடென்டிஃபிகேஷன் நம்பர், சுருக்கமாக ஹின். 1972 நவம்பரிலிருந்து இது கட்டாயம், இப்போதுள்ள வடிவம் 1984-ல் வந்தது. படகின் பின்பக்கச் சுவரில், வலது மேல் மூலையில் தேடுங்கள். மொத்தம் பன்னிரண்டு எழுத்து. முதல் மூன்று, கட்டிய கம்பெனியைக் குறிக்க அமெரிக்கக் கடலோரக் காவல்படை கொடுத்த குறியீடு. அடுத்த ஐந்து வரிசை எண். நமக்கு வேண்டியது கடைசி நான்கு.

அதில் முதலாவது மாதம்: ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே எல் வரை போனால் டிசம்பர். அடுத்த ஒற்றை இலக்கம் கட்டிய வருடத்தின் கடைசி எண். மீதி இரண்டு இலக்கம் மாடல் வருடம்.

இப்போது எச்324-ஐ நீங்களே படியுங்கள். வீடியோவை நிறுத்திவிட்டுக்கூடப் படியுங்கள். எச், ஆகஸ்ட். 3, அதாவது 2023. 24, அதாவது 2024 மாடல். நாங்கள் போய் நின்றது 2024 அக்டோபரில், டெக்சாஸில் லேக் கன்ரோ ஏரிப் பக்கத்தில் ஒரு டீலரிடம். விற்பனையாளர் "2024 மாடல், புத்தம் புதுசு" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தப் படகு கட்டி முடித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது, அதே வரிசையில் பக்கத்திலேயே 2025 மாடல் வந்து நின்றது, பழையதன் பின்சுவரில் மட்டும் பிளாஸ்டிக் உறை வெயிலில் வெளிறி ஓரத்தில் கிழிந்திருந்தது. நண்பர் முட்டி போட்டு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது எப்போது உங்கள் யார்டுக்கு வந்தது?"

அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு வலு என்றால், அங்கே நிற்கிற படகுகளில் பெரும்பாலானவை டீலரின் சொந்தப் பணத்தில் வாங்கியவை கிடையாது. ஃப்ளோர் பிளான் என்று ஒரு கடன். படகு விற்கும் வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் சில மாத வட்டியைக் கம்பெனியே ஏற்றுக்கொள்வது உண்டு, அதற்கு அப்புறம் டீலர் தலையில்தான். கணக்குக்கு 60,000 டாலர் படகு, 8% வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 400 டாலர், சும்மா நிற்பதற்கு! அதோடு ரொம்ப நாள் விற்காமல் நின்றால் கடன் கொடுத்தவர் அசலிலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார். 2020, 2021-ல் கொரோனா நேரத்தில் படகே கிடைக்கவில்லை, பேரம் பேசினால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 2023-க்குள் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது, யார்டில் படகுகளும் சேர்ந்துவிட்டன, நிலைமை தலைகீழ். ஆகவே பழைய தேதியுள்ள படகை விற்றால் டீலருக்கும் நிம்மதி. அவர் பாரத்தை நாம் இறக்கி வைக்கிறோம், அதற்குத்தான் விலை குறையக் கேட்கிறோம். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், மோட்டாருக்குத் தனி வரிசை எண், தனி வயசு. உத்தரவாதம் என்றைக்கிலிருந்து ஓடுகிறது என்பதை, படகுக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள்.

[காட்சி: விலைக் குறிப்புத் தாள். வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

அடுத்து அந்தத் தாள். படகு, மோட்டார், டிரெய்லர் சேர்த்து 58,900. கீழே ஃப்ரெயிட் 2,400. பிரெப், அதாவது படகைத் தயார்செய்து கொடுக்கிற கூலி, 1,200. டாக்குமெண்ட் கட்டணம் 300. வரி இல்லாமலே 62,800 ஆகிவிட்டது. ஃப்ரெயிட், லாரிச் செலவு, உண்மையானதுதான், ஆனால் எவ்வளவு என்பது டீலர் போடுகிற எண். இந்தக் கட்டணங்களில் ஒவ்வொன்றாகச் சண்டை போட வேண்டாம், அங்கே குறைத்ததை இங்கே ஏற்றிவிடுவார்கள். ஒரே எண்ணைக் கேளுங்கள்: எல்லாம் சேர்த்து, கையெழுத்துப் போட்டு டிரெய்லரோடு இழுத்துக்கொண்டு போக மொத்தம் எவ்வளவு? அவுட்-த-டோர் விலை. அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், இதே படகு, இதே மோட்டார் என்று எழுதி இன்னும் இரண்டு டீலரிடமும் கேளுங்கள்.

இப்போது நான் சொன்ன தவணை விளையாட்டு. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" இந்தக் கேள்வி வந்தால் பதில் சொல்லாதீர்கள், தயவுசெய்து சொல்லாதீர்கள். படகுக் கடன் 15, 20 வருடம் வரை கிடைக்கும். 60,000 டாலர், 8%, 20 வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 502 டாலர். இதன் மேல் 3,000 டாலர் ஏற்றினால் மாதத்துக்கு எவ்வளவு கூடும் தெரியுமா? வெறும் 25 டாலர். "இருபத்தைந்து டாலர்தானே" என்று தலையாட்டிவிடுவோம், 20 வருடத்தில் அது ஆறாயிரம். அந்த 60,000 மொத்தத்தில் 1,20,000-ஐத் தாண்டுகிறது, இரண்டு படகு விலை! முதலில் மொத்த விலையை முடியுங்கள், கடன் பேச்சு அப்புறம், அதுவும் உங்கள் கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களே சேர்ந்து நடத்துகிற கடன் சங்கத்தில், ஒரு வட்டி விகிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு.

எல்லா இடத்திலும் பேரம் நடக்காது. மீன்பிடிச் சாமான் விற்கிற பாஸ் புரோ ஷாப்ஸ் கடைக்காரர்களின் டிராக்கர் படகு 1978-ல் வந்தது, படகும் மோட்டாரும் டிரெய்லரும் ஒரே விலையில். இன்றும் அவர்களிடம் ஒட்டியிருக்கிற விலைதான். எனக்கு அந்த முறை பிடிக்கும், வேறு இடத்தில் பேசப் போகுமுன் அதே அளவுப் படகின் விலையை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வது நல்ல அளவுகோல்.

எப்போது போவது? செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பழைய மாடலுக்கு. ஹூஸ்டனில் ஜனவரியிலும் மயாமியில் பிப்ரவரியிலும் நடக்கிற படகுக் கண்காட்சிகள், பல டீலரை ஒரே நாளில் ஒப்பிட. மே மாதம் போகவே போகாதீர்கள்.

நண்பர் என்ன செய்தார்? 55,000 என்று ஆரம்பித்தார், காரணமாக அந்த நான்கு எழுத்தையும் 2025 மாடலையும் காட்டினார். விற்பனையாளர் உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு 59,000 என்று வந்தார். நண்பர் நன்றி சொல்லி ஃபோன் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மூன்றாம் நாள் ஃபோன். வரிக்கு முன் 56,500, எல்லாம் சேர்த்து, தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று எழுதிக் கையெழுத்து.

உங்களில் படகு வைத்திருப்பவர்கள் இப்போதே போய்ப் பின்சுவரைப் பாருங்கள். கடைசி நான்கையும் வாங்கிய மாதத்தையும் கமெண்டில் போடுங்கள். முழு எண்ணையும் யாரும் போட வேண்டாம், அந்த நான்கு மட்டும்.